என் தம்பியின் சாட்சி

என் தம்பி சாட்சி சொல்ல எழுந்தால் எங்கள் சபையில் சின்னப் பிள்ளைகள்கூடச் சேட்டையை நிறுத்திவிட்டுப் பார்க்கும். மைக்கை வலது கையில் வாங்குவான். கண்ணை மூடுவான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசமாட்டான். பிறகு தொண்டை கரகரக்க, "நான் ஒரு குடிகாரன்" என்று ஆரம்பிப்பான். உடனே முன்வரிசையிலிருந்து ஒரு "ஸ்தோத்திரம்" கிளம்பும். குடிகாரன் என்பதற்கு எதற்கு ஸ்தோத்திரம் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவன் நிஜமாகவே குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடந்த காலத்தில் யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. நானும் அவன் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டோம், அவ்வளவுதான்.

எங்கள் சபை தீவுப் பக்கம், ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே டயர் கடை. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தாலும் ரப்பர் வாடை மட்டும் படிக்கட்டேறி வந்து ஆராதனை முடியும்வரை எங்களோடு உட்கார்ந்திருக்கும். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கியவள். ஓய்வு பெற்றபோது மேசையை ஒப்படைத்தேன், பழக்கத்தை ஒப்படைக்கவில்லை. அது ஞாயிறுதோறும் என்னோடு சபைக்கு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது.

சாட்சி நேரம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாட்டெல்லாம் முடிந்து பிரசங்கம் ஆரம்பிப்பதற்குமுன், அந்த வாரம் ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லலாம். ஆண்டவர் செய்ததில் ஆரம்பித்து, தான் செய்ததில் கொண்டுபோய் முடிப்பதுதான் இதிலுள்ள சாமர்த்தியம். எங்கள் சபை மூப்பரின் மனைவிக்கு இது கைவந்த கலை. "இந்த வாரம் ஆண்டவர் என்னை ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு நடத்தினார், ஒரு ஏழைச் சகோதரிக்குக் கஞ்சி கொண்டுபோகக் கிருபை செய்தார், நான் ஒன்றுமில்லை, அவர் என்னைப் பயன்படுத்தினார்" என்பார். சொல்லும்போது தலை குனிந்திருக்கும், பொன் வளையல் மட்டும் நிமிர்ந்திருக்கும். ஒருநாள் படியிறங்கும்போது, "அந்த அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "எந்த அம்மா?" என்றார். கஞ்சியை ஞாபகம் வைத்திருந்தார். குடித்தவளை மறந்துவிட்டார்.

இந்தப் பக்கம் இப்படி என்றால் மேடைப் பக்கம் வேறு மாதிரி. எங்கள் பாஸ்டர் இளைஞர், நல்லவர், முடிக்கு ஜெல் போடுகிறவர். கிருபையைப் பற்றித் தொடர்ந்து பிரசங்கம் வைத்தார். நம் நற்செயல்களால் ஒரு அங்குலம்கூடப் பரலோகத்தை நெருங்க முடியாது, எல்லாம் இலவசம், விசுவாசித்தால் போதும் என்று திரையில் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டினார். பைபிளில் ஒரு நிருபம் விசுவாசத்தைத் தூக்கிப் பிடிக்கிறது, இன்னொரு நிருபம் உன் கிரியை எங்கே என்று கேட்கிறது. பாஸ்டர் முதலாவதையே திரும்பத் திரும்ப வாசித்தார். வாரக்கணக்கில் கேட்டதில் எங்கள் ஆட்கள் ஒன்றை மட்டும் தெளிவாகப் பிடித்துக்கொண்டார்கள்: நாற்காலியை அடுக்காமல் போனாலும் பரலோகம் உண்டு. ஆராதனை முடிந்ததும் படிக்கட்டில் ஒரே நெரிசல். கடைசியில் நாற்காலியை அடுக்கி, தேநீர்க் குவளையைக் கழுவிக் கவிழ்த்தவர்கள் நானும் இன்னும் ஒன்றிரண்டு பெண்களும்தான். எங்களுக்கு மட்டும் பிரசங்கம் சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது.

கிருபையை நான் கேலி செய்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். என்னைப் போன்ற கோபக்காரிக்கு அதை விட்டால் வேறு கதியே கிடையாது. காலையில் எழுந்து முழங்காலில் நிற்கும்போது அது எனக்கு நன்றாகத் தெரியும். என் எரிச்சலெல்லாம் கிருபையைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு எவ்வளவு என்று கரண்டியால் அளந்து ஊற்றுகிறவர்கள்மேல்தான். அதுவும் ஆம்பளைக்கு வழிய வழிய, பொம்பளைக்குச் சட்டியைச் சுரண்டி.

தம்பியின் கதைக்கு வருகிறேன். அவன் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான், பாகான் டாலாமில் அடுக்குமாடி வீடு. அவன் பெண்டாட்டி கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவள். பரம்பரைக் கிறிஸ்தவர்கள் என்று பீற்றிக்கொள்கிற எங்கள் வீட்டில் உண்மையாகவே ஜெபம் பண்ணியவள் அவள் ஒருத்திதான். விடிவதற்குமுன் எழுந்து நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டிக் கடைகளுக்குப் போட்டு மகளை வளர்த்தாள். மகள் கல்யாணமாகி ஜொகூர் போன பிறகு வீட்டில் அவனும் அவளும் பாட்டிலும் மட்டும் இருந்தார்கள். ஒரு சாயங்காலம் பாட்டிலை எங்கே ஒளித்தாய் என்று கேட்டு அவள் வலது கையைக் கதவோடு சேர்த்து முறுக்கினான். கிளினிக்கில் கேட்டபோது, வீட்டு பாத்ரூமில் விழுந்தேன் என்று சொன்னாள். பிறகு ஒரு சீன எலும்பு வைத்தியரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டாள். எலும்பு சேர்ந்தது, சரியாகச் சேரவில்லை. முழங்கை நீளாது, கனமான எதையும் அந்தக் கையால் தூக்க முடியாது. கட்டு அவிழ்த்ததும் சிம்பாங் அம்பாட்டிலிருந்த தன் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. பத்து காவான் ஊரில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமையல் வேலை தேடிக்கொண்டாள். வெட்டுவது, கிண்டுவது, அள்ளுவது எல்லாவற்றுக்கும் இடது கையைப் பழக்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் தம்பி இரட்சிக்கப்பட்டான். ஈரல் கெட்டுவிட்டது, இனி ஒரு சொட்டு குடித்தாலும் சாவுதான் என்று டாக்டர் சொன்ன மறுவாரம் அவனுக்கு விடுதலை கிடைத்தது. சாட்சியில் டாக்டர் வரமாட்டார். நேராக பாஸ்டர் தன் தலையில் கை வைத்து ஜெபித்த இடத்துக்குப் போய்விடுவான். போகட்டும், குடியை விட்டது பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் எழுந்து, "என் மனைவியின் கையை உடைத்த பாவி நான்" என்று சொல்வான். வலது கையில் மைக் இருப்பதால் இடது கையைத் தூக்கி முறுக்கிக் காட்டுவான். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முடிந்ததும் வந்து கட்டிப்பிடிப்பார்கள். இவ்வளவு பேர் தன்னைக் கட்டிப்பிடிப்பார்கள் என்று தெரிந்திருந்தால் அவன் முன்னாலேயே திருந்தியிருப்பான். ஒருநாள் அவனைத் தனியாகப் பிடித்து, "அவகிட்ட போய் இதைச் சொன்னியாடா?" என்று கேட்டேன்.

"ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன்க்கா," என்றான்.

"ஆண்டவர் கையையா உடைச்ச?"

சிரித்துவிட்டு, "நீ இன்னும் மாறல லா," என்றான். திருந்தியவர்களிடம் இதுதான் தொல்லை. நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள்.

ஒரு ஞாயிறு பாஸ்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், பிரதரோட சாட்சி ரொம்ப பவர்ஃபுல். ஆனா எங்கயோ பாதியில நிக்கிற மாதிரி இருக்கு. உங்க தம்பி வைஃப் திரும்பி வந்துட்டா முழுமையாயிடும்."

"யாருக்கு முழுமையாகும் பாஸ்டர்? பாக்கிறவங்களுக்கா?"

அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆமாம், எத்தனையோ குடும்பங்களுக்கு ஆசீர்வாதமாக இருக்கும் என்றார். திட்டம் ஏற்கனவே தயாராக இருந்தது. எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. ஆண்டவர் பெரிய நன்மை செய்தால் அந்த வீட்டார் ஸ்தோத்திர ஆராதனை வைத்து எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு போடுவார்கள். தம்பி தான் இரட்சிக்கப்பட்டதற்கு அப்படி ஒன்று வைப்பான். சாப்பாட்டுக்குப் பிறகு புருஷன் பெண்டாட்டி இருவரையும் முன்னால் நிறுத்தி ஜெபம் பண்ணுவார்கள். அப்படியே இருவரும் சேர்ந்து பாகான் டாலாமுக்குப் போய்விடுவார்கள். சமையலும் அவளே செய்தால் விசேஷமாக இருக்குமல்லவா என்று பாஸ்டர் கேட்டார். தான் திருந்தியதற்கு அவன் விருந்து வைக்கிறான், அதை ஆக்கிப் போட வேண்டியவள் அவனால் கை ஒடிந்தவள். இதில் ஏதோ இடிக்கிறதே என்று எங்கள் சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூப்பரின் மனைவி, "கோழிப் பெரட்டல் வைக்கச் சொல்லுங்க, அவ நல்லா செய்வாளாமே," என்றார்.

அந்த வாரமே சிம்பாங் அம்பாட்டுக்குப் போனேன். அவள் அக்கா வீட்டுக் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் மடித்து இன்னொரு கையின் மணிக்கட்டால் அழுத்தி, அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். அக்கா மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இவள் படுக்கிற அறைதான் புது ஜோடிக்கு. யாரும் போ என்று சொல்லவில்லை. சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"அக்கா, பாஸ்டர் போன் பண்ணாரு," என்றாள்.

"தெரியும். என்ன சொன்னாரு?"

"நா அவரை மன்னிக்கலனா ஆண்டவர் என்னையும் மன்னிக்கமாட்டாராம். மன்னிச்சிட்டேன்னா வீட்டுக்குப் போகணுமாம். போகலனா மன்னிக்கலன்னுதான் அர்த்தமாம்."

"அப்ப அவன் பரலோகம் போக என்ன செஞ்சான்?"

"அவரு விசுவாசிச்சாரு," என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "நல்லா இருக்கு லா உங்க நியாயம்! அவனுக்கு விசுவாசம் போதும். நீ மட்டும் கோழி ஆக்கணும், பொட்டி கட்டணும், அவன் துணியத் துவைக்கணும், அப்பதான் உனக்குப் பரலோகமா? அவனுக்குச் சும்மா குடுத்தத உனக்கு மட்டும் ஏன் வேலை வாங்கிட்டுக் குடுக்கறாங்க?"

அவள் மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "நீங்க கோவத்துல பேசறீங்கக்கா. எனக்கு பயமா இருக்கு. இந்த உலகத்துலதான் ஒண்ணும் சரியா அமையல. அங்கயும் வெளிய நிக்க வச்சிட்டா என்ன செய்வேன்?"

பீற்றுகிறவர்கள், நடிக்கிறவர்கள், கட்டிப்பிடிக்கிறவர்கள் நிறைந்த எங்கள் சபையில் நரகத்துக்குப் பயப்படுகிற ஒரே ஆள் இவள்தான் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, "எப்படி முடிவு பண்ணாலும் காடில வந்து உன்னக் கூட்டிட்டுப் போறேன்," என்று மட்டும் சொன்னேன்.

ஸ்தோத்திர ஆராதனை அன்று காலையில் போய் என் காரில் அவளை ஏற்றிக்கொண்டேன். பின் சீட்டில் ஒரு துணிப்பை வைத்தாள். பாகான் டாலாமுக்கென்றுதான் கட்டியிருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். தீவுக்குப் போகும் புதுப் பாலத்தில் ஏறினோம். கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் பண்ணுகிறாள் என்று தெரிந்து நானும் ரேடியோவை அடைத்தேன்.

சபையின் பின்பக்கம் சிறிய அடுப்பங்கரை. நான் சட்டி தூக்கினேன், அரிசி கழுவினேன், அவள் சொன்னதைச் செய்தேன். அவள் இடது கையால் வெங்காயம் வதக்கி, இடது கையால் மசாலா போட்டு, உடம்பை அடுப்போடு சாய்த்துக்கொண்டு கோழியைப் பிரட்டினாள். மணம் ஆராதனை மண்டபம்வரை போய் டயர் வாடையைத் துரத்திவிட்டது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்து, "வெல்கம் பேக் சிஸ்டர்" என்றார்கள். இரண்டு வெங்காயம் உரித்துக் கொடுக்க யாரும் உள்ளே வரவில்லை.

சாட்சி நேரத்துக்கு அவளைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தம்பி புதுச் சட்டையில் வந்தான். போனை ஸ்டாண்டில் வைத்து நேரலையாகப் போட்டார்கள். அன்றைக்கு அவன் தன்னையே மிஞ்சினான். குடித்ததைச் சொன்னான், விழுந்ததைச் சொன்னான், பாட்டிலைத் தேடியதைச் சொன்னான். பிறகு வழக்கம்போல வலது கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு இடது கையைத் தூக்கினான். "அதோ உக்காந்திருக்காளே, அவளோட இடது கை, இந்த இடது கையத்தான் நான் முறுக்கி உடைச்சேன்!" என்று கதறினான். மண்டபமே ஸ்தோத்திரம் என்றது. மூப்பரின் மனைவி எழுந்து நின்று கை தட்டினார். இத்தனை நாளாக மைக்குக்காகத்தான் அந்தக் கையைக் காட்டுகிறான் என்று நினைத்திருந்தேன். சொல்லிச் சொல்லிப் பழகியதில் அவனுக்கு அதுவே உண்மையாகிவிட்டிருந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் தன் வலது முழங்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. நீள மேசை போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். பாஸ்டருக்கு அப்போதுதான் இன்னொரு யோசனை உதித்தது. "முதல் பரிமாறல் நம்ம சிஸ்டர் கையால பிரதருக்கு நடக்கட்டும்," என்று சொல்லிப் போனைத் திருப்பி வைத்தார். அவள் சட்டியைக் கொண்டுவரும்படி எனக்குச் சைகை காட்டினாள். நான் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் இடது கையால் கரண்டியை எடுத்து அவன் தட்டில் கோழியைப் போட்டாள்.

"ஏம்மா!" என்றார் மூப்பரின் மனைவி, மேசை முழுக்கக் கேட்கும்படி. "பீச்சாங்கையாலயா பரிமாறுவாங்க? நல்ல நாளும் அதுவுமா புருஷனுக்கு முதல் சோறு போடற, சோத்துக்கையால போடும்மா."

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "வலது கையால தூக்க வராது ஆண்ட்டி," என்றாள்.

"ஏன், அதுக்கென்ன?"

"ஒடஞ்ச கை அதுதான்."

கேட்டவர்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஒவ்வொரு முகமாகத் திரும்பி அவள் கையைப் பார்த்தது, பிறகு தம்பியைப் பார்த்தது. மூப்பரின் மனைவி தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தார், குவளையில் தண்ணீர் இல்லை. எனக்குச் சட்டி கனத்தது, ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை. தம்பி இப்போதாவது எழுந்திருப்பான், அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தேன். கூடப் பிறந்தவன் அல்லவா, எனக்கும் அந்த நப்பாசை இருந்தது.

அவன் சிரித்தான். சாட்சி முடிந்து கட்டிப்பிடிக்க வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பானே, அதே சிரிப்பு. "எந்தக் கையா இருந்தா என்ன? அத செஞ்ச பழைய மனுசன் செத்துட்டான். ஆண்டவர் எல்லாத்தையும் மன்னிச்சிட்டாரு," என்றான்.

"ஆமென்," என்றார் யாரோ, மெதுவாக.

அவள் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "மன்னிச்சிருப்பாருங்க. மன்னிக்கிறப்ப எந்தக் கைனு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். உங்களுக்கே தெரியல. நீங்க எதுக்குங்க மன்னிப்பு வாங்கினீங்க?"

பாஸ்டர் போனை அணைத்தார்.

அவள் அப்படியே விட்டுவிட்டுப் போகவில்லை. மேசையைச் சுற்றி வந்து எல்லோருக்கும் பரிமாறினாள், அதே இடது கையால். நான் சட்டியோடு பின்னால் போனேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மூப்பரின் மனைவியும் தட்டை நீட்டினார், கோழிப் பெரட்டல் நன்றாக இருந்ததால் இரண்டாம் முறையும் நீட்டினார். கடைசித் தட்டுக்குப் போட்டு முடித்ததும் அவள் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "அக்கா, போலாமா?" என்றாள்.

பாஸ்டர் எழுந்து வந்தார். "சிஸ்டர், ஜெபம் இருக்கு. பிரதரோட வீட்டுக்கு..."

"நா சிம்பாங் அம்பாட்டுக்குப் போறேன் பாஸ்டர்," என்றாள். "நீங்க சொன்ன மாதிரி ஆண்டவர் என்னைய மன்னிக்காட்டி, அத அவருகிட்டயே கேட்டுக்கறேன்."

சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. பயம் போகவில்லை, எனக்குத் தெரியும். பயத்தோடுதான் சொன்னாள். அந்த மண்டபத்தில் விசுவாசம் என்று ஒன்றை அன்றைக்கு நான் பார்த்தேன் என்றால் அந்த நடுக்கத்தில்தான் பார்த்தேன்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? படிக்கட்டு வரை போனவள் திரும்பி, "பாஸ்டர், சட்டியெல்லாம் பெருசு, அடி பிடிச்சிருக்கு. ஊற வச்சுக் கழுவிடுங்க. கழுவறதால பரலோகம் கிடைக்காது, தெரியும். இருந்தாலும் கழுவுங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

காடியில் அவள் பின் சீட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாலம் ஏறும்வரை அழுதாள். நான் ஆறுதல் சொல்லத் தெரிந்தவள் இல்லை, அதனால் காடியை மெதுவாக ஓட்டினேன்.

அடுத்த ஞாயிறு தம்பி சாட்சி சொல்ல எழுந்தான். எழமாட்டான் என்று நினைத்த நான்தான் முட்டாள். மைக்கை இடது கையில் வாங்கிக்கொண்டு வலது கையைத் தூக்கினான். "என் மனைவியோட வலது கைய உடைச்ச பாவி நான். எந்தக் கைனுகூடத் தெரியாம இருந்த பாவி!" என்றான். ஸ்தோத்திரம் முன்னைவிடப் பலமாக வந்தது. தன் மனைவியின் இருதயக் கடினம் மாற எல்லோரும் ஜெபிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். ஜெபித்தார்கள், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. முடிந்ததும் பாஸ்டர் என்னிடம் வந்து, "பாருங்க சிஸ்டர், ஆண்டவர் அவர் உள்ளத்த இன்னும் உடைச்சிருக்காரு," என்றார்.

"அவளுக்குப் போன் பண்ணானா?"

"அது ஜெபத்துல இருக்கு சிஸ்டர்."

ஜெபத்தில் இருக்கிறது. எங்கள் சபையில் செய்ய மனமில்லாத காரியங்களையெல்லாம் போட்டுவைக்கிற இடம் அது. அன்றைக்கு நான் நாற்காலி அடுக்கவில்லை. அடுத்த வாரம் அடுக்கினேன், வேறு யார் அடுக்குவார்கள்?

அவள் இப்போது பத்து காவானில் கேண்டீன் தோழி ஒருத்தியோடு சேர்ந்து ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஞாயிறன்று அந்தப் பக்கத்திலேயே ஒரு சின்ன சபைக்குப் போகிறாள். அங்கே சாட்சி நேரம் உண்டா என்று கேட்டேன். உண்டு, நான் எழுந்திருப்பதில்லை என்றாள். தம்பி இன்றுவரை அவளுக்குப் போன் பண்ணவில்லை. சாட்சி மட்டும் வாரா வாரம் வளர்ந்துகொண்டிருக்கிறது.

போன மாதம் ஒரு மத்தியானம் அவளே கூப்பிட்டாள். பின்னால் கேண்டீன் சத்தம், தட்டு உரசுகிற சத்தம்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். நா அவரை மன்னிச்சிட்டேன்."

"எப்ப?"

"காலையில. வெங்காயம் வெட்டிக்கிட்டு இருந்தேன். யாரும் கேக்கல, யாரும் சொல்லல. மனசுல இருந்தது தானா எறங்கிருச்சு. நா ஒண்ணுமே செய்யலக்கா, சும்மா கிடைச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப பயமும் இல்ல."

திரையும் மைக்கும் போட்டு எங்கள் சபை இத்தனை நாள் விளக்கப் பார்த்த கிருபை இவளுக்கு வெங்காயப் பலகைமேல் கிடைத்திருக்கிறது.

"அப்ப வீட்டுக்குப் போவியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. அது வேற, இது வேற."

"சரி. மன்னிச்சிட்டேன்னு அவன்கிட்டயாவது சொல்லட்டுமா?"

"ஐயோ, வேணாம்க்கா," என்றாள் அவசரமாக. "சொன்னா சாட்சியில சேத்துக்குவாரு."